பதினெட்டாம் வரிசை, நிழல் பக்கம்

குரோருட், ஒஸ்லோ
14.01.2007

நிருஜாவின் அப்பாவுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் நான் குரலை உயர்த்துவேன். நான்காவது நிமிடத்தில் நீங்கள் "சரி, வைக்கிறன்" என்பீர்கள். ஐந்து வருடமாக இதுதான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, கோபமும் வராது.

உங்கள் அண்ணர் பாலேந்திரன் தன் மகளின் கலியாண அழைப்பிதழை அனுப்பியிருக்கிறார். யூலை இருபத்தோராம் தேதி. நானும் பிள்ளையும் வருவதாக முடிவு செய்துவிட்டோம். முதியோர் இல்லத்தில் எனக்கு இரண்டு கிழமை விடுமுறை தந்துவிட்டார்கள். அழைப்பிதழில் உங்கள் பெயரும் என் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துக் கிடக்கிறது. கடதாசியிலாவது சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நிருஜாவுக்குக் கலியாணம் ஒரு பொருட்டில்லை. நீங்கள் வேலை செய்யும் அந்த பேஸ்போல் ஸ்ரேடியத்தைப் பார்க்கவேண்டுமாம். "என்ரை அப்பா அங்கை பெரிய ஆள், ஐம்பதாயிரம் சனத்துக்கு இடம் காட்டுறவர்" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பதினான்கு வயது, என் தோளைத் தாண்டிவிட்டாள். நீங்கள் போகும்போது உங்கள் இடுப்புவரைதான் நின்றாள்.

ஆட்டம் நடக்கும் நாளில் நீங்கள் வேலையில் நிற்பீர்கள் என்று அண்ணர் சொன்னார். ஆகவே நாங்கள் இருவரும் தனியாகத்தான் வரவேண்டும். எப்படி வருவது, எந்த வாசலால் உள்ளே போவது, எங்கே இருந்தால் நன்றாகத் தெரியும் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். நீங்கள் நிலஅளவைத் திணைக்களத்தில் இருந்த மனிசன். வழி சொல்ல உங்களைவிட ஆள் யார்?

என்னிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. 2002இல் ஏன் போனீர்கள்? "அண்ணர் கூப்பிட்டவர்" என்பதைப் பதிலென்று நான் எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் எங்களைக் கூப்பிடுவேன் என்று சொன்ன ஆளுக்கு ஐந்து வருடமாகக் கூப்பிட வாய் வரவில்லை. இதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் நேரில் கேட்பேன்.

உதயகுமாரி


ஸ்காபரோ, ரொறன்ரோ
02.02.2007

அன்பின் உதயா,

உமது கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன், நடுவில் வைக்கவில்லை.

வழி கேட்டிருந்தீர். சொல்கிறேன்.

அண்ணரின் வீட்டிலிருந்து பஸ், பிறகு சுரங்க ரயில். யூனியன் நிலையத்தில் இறங்கவேண்டும். அங்கிருந்து ஸ்ரேடியத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்ட நடைபாலம் இருக்கிறது. மழை வெயில் எதுவும் படாது. நான் நடந்து எண்ணியிருக்கிறேன். என் நடையில் தொள்ளாயிரத்து முப்பது அடி. உமது அடி என்னுடையதைவிடக் குறுகியது, ஆயிரத்து நூறு என்று வைத்துக்கொள்ளும். உமது நடையை நான் மறக்கவில்லை.

பாலம் முடிந்ததும் எல்லோரும் முதலில் தெரியும் வாசலில் போய் முண்டியடிப்பார்கள். நீர் அப்படிச் செய்யாதேயும். இடப்பக்கமாகச் சுற்றி மூன்றாவது வாசலுக்கு வாரும், அங்கே வரிசை பாதிதான் இருக்கும். ஒரு மணி ஆட்டத்துக்குப் பதினொன்றரைக்கு வந்துவிடும். பையைத் திறந்து பார்ப்பார்கள். போத்தல் கண்ணாடியாக இருக்கக்கூடாது. வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம், தடையில்லை. அங்கே விற்கும் சொசேஜ் பாணுக்காக வரிசையில் நிற்காதேயும். உமது கட்லட்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம்.

ஸ்ரேடியத்தின் கூரை துண்டு துண்டாக நகர்ந்து திறக்கும். இருபது நிமிடம் எடுக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றேன். நிருஜா இதைப் பார்க்கவேண்டும். பிள்ளைக்கு அண்ணாந்து பார்த்தால் தலைசுற்றும், சின்னனில் ஹொல்மென்கொல்லன் பனிச்சறுக்கு மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அழுதவள். இப்போதும் அப்படியா? எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதவை நிறைய இருக்கும்.

மற்றக் கேள்விக்கு இடம் காணவில்லை. அடுத்த முறை.

ஜெகதீஸ்வரன்


குரோருட்
25.02.2007

நிருஜாவின் அப்பாவுக்கு,

இடம் காணவில்லையா? கடதாசியின் பின்பக்கம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. நான் திருப்பிப் பார்த்தேன்.

சரி, உங்கள் வழியை மெச்சுகிறேன். உங்கள் ஆயிரத்து நூறு அடி எவ்வளவு என்று பார்க்க, ரீ-பானே ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வாசல்வரை எண்ணிக்கொண்டு வந்தேன். அறுநூற்று நாற்பது. பனியில் வழுக்காமல் குறுகி நடந்ததால் கொஞ்சம் கூட வந்திருக்கும். அப்படி எண்ணிக்கொண்டு நடந்ததில் கீழ்வீட்டுப் பிரபாவதி "என்னங்கக்கா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தத் தமிழ்நாட்டுப் பெண்ணைத் தெரியும்தானே, கொம்பியூட்டர் வேலை செய்யும் கிருஷ்ணசாமியின் மனைவி. நீங்கள் போன வசந்தத்தில்தான் குடிவந்தார்கள். "ஓம், தொலைச்சிட்டன்" என்றேன். அவள் குனிந்து தேடத் தொடங்கிவிட்டாள். பாவம்.

நிருஜாவுக்கு இப்போது தலை சுற்றாது. மேட்டில் ஏறி நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள், எனக்குத்தான் சுற்றும். உங்கள் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "தொள்ளாயிரத்து" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். இப்போது பேஸ்போல் விதிகளை இணையத்தில் தேடிப் படிக்கிறாள். உங்களிடம் கேட்கச் சொன்னவை: எந்தப் பக்கம் இருந்தால் நல்லது? விளையாட்டின் எந்தக் கட்டம் உங்களுக்கு அதிகம் பிடிக்கும்? நீங்கள் எந்த இடத்தில் நிற்பீர்கள்? அவள் அங்கிருந்து கை காட்டுவாளாம்.

முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி, எண்பத்தொன்பது வயது, தினமும் பின்னேரம் புருசனுக்கென்று ஒரு கோப்பை கோப்பி ஊற்றி வைக்கச் சொல்லுவாள். அவர் செத்துப் பன்னிரண்டு வருடம். முன்பு எனக்குச் சிரிப்பு வரும். இப்போது கேட்காமலே ஊற்றி வைக்கிறேன்.

உதயா


ஸ்காபரோ
18.03.2007

அன்பின் உதயா,

நிருஜாவின் கேள்விகளுக்கு முதலில் பதில்.

மூன்றாம் பேஸ் பக்கம் இருங்கள். இரண்டரை மணிக்கெல்லாம் அங்கே நிழல் வந்துவிடும், எதிர்ப்பக்கம் நாலரைவரை வெயிலில் காயும். பதினெட்டாம் வரிசையை எடுங்கள். அதற்குக் கீழே வேண்டாம், மேலிருந்து சிந்தும் பியர் எல்லாம் படிகளில் வழிந்து பத்தாம் வரிசையில் வந்து நிற்கும், செருப்பு ஒட்டும். அதற்கு மேலேயும் வேண்டாம், புறாக்கள். பதினெட்டில் ஐந்தாம் கதிரைக்குத் திருகாணி தளர்வு, ஆறிலிருந்து இருங்கள். எந்தக் கதிரையானாலும் அடியில் கை வைக்காதேயும். சூயிங்கம் ஒட்டியிருப்பார்கள், காய்ந்ததென்றால் பரவாயில்லை, அன்றையது என்றால் சேலை போச்சு.

கச்சான் கடலை வாங்கிக் கொடும். கோதோடு விற்பார்கள், ஊர்க் கச்சான் போலத்தான். கோதைக் காலடியில் போடலாம். வெட்கப்படாதேயும், அங்கே எல்லோரும் போடுவார்கள். அதை எடுக்க ஆள் இருக்கிறது.

பெண்களின் மலசலகூடம் பின்படிக்கட்டுக்கு அருகில் இருப்பதுதான் சுத்தம். இடைவேளையின்போது போகாதேயும், சனம் அலைமோதும். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முந்திப் போய் வந்துவிடும்.

எனக்குப் பிடித்த கட்டம் என்று கேட்டாள். எல்லோரும் போய் ஸ்ரேடியம் வெறுமையான பிறகு மண் தரையில் தண்ணீர் விடுவார்கள். அந்த மணம் மட்டும் என்னை என்னவோ செய்யும். ஊரில் எங்கள் வீட்டு வாசலில் நீர் தண்ணீர் தெளிக்கும்போது வரும் மணம். அவ்வளவுதான்.

நான் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேற்பார்வை வேலை, சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கை காட்டவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லும். நான் காண்பேன்.

ஜெகதீஸ்வரன்


குரோருட்
10.04.2007

அன்பானவருக்கு,

உங்கள் கடிதத்தை நிருஜா சமையலறை மேசையில் இருந்து சத்தமாக வாசித்தாள். "இடைவேளை" என்ற இடத்தில் நிறுத்தி என்னிடம் பொருள் கேட்டாள். சொன்னேன். "அம்மா, பேஸ்போலிலை இடைவேளை இல்லை. ஃபுட்போலிலைதான் இருக்கு. அப்பாவுக்குத் தெரியாதோ?" என்றாள்.

நான் "அப்பா மறந்துபோய் எழுதியிருப்பார்" என்று சமாளித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

நான் இரண்டு கடிதத்தையும் எடுத்து வைத்துத் திரும்ப வாசித்தேன். வாசல் இருக்கிறது, கதிரை இருக்கிறது, திருகாணிகூட இருக்கிறது. ஒரு ஆட்டம் இல்லை. யார் அடித்தது, யார் ஓடியது, சனம் எதற்குக் கத்தியது, ஒரு சொல் கிடையாது. சனத்துக்கு இடம் காட்டும் மேலதிகாரிக்குக் கதிரையின் அடிப்பக்கம் எப்படித் தெரிகிறது? பியர் எந்த வரிசையில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். நான் பதினொரு வருடமாக முதியோர் இல்லத்துக் கட்டில்களின் அடிப்பக்கம் கூட்டித் துடைத்து வாழ்கிறவள். நீங்கள் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. எல்லோரும் போன பிறகுதான் உள்ளே போகிறீர்கள். ஓமா, இல்லையா?

எனக்கு வேலையைப் பற்றிக் கோபமில்லை. அந்தப் பிள்ளை வகுப்பெல்லாம் சொல்லித் திரிய விட்டீர்களே, அதற்குத்தான் கோபம். இன்னொன்றும். இங்கே ஒஸ்லோவிலும் அதே வேலைதானே செய்தீர்கள்? படிக்கட்டும் அலுவலகமும் கூட்டினீர்கள். அதே வேலைக்கு எதற்காகக் கடல் தாண்டினீர்கள்? எங்களை விட்டுவிட்டு, அதே வேலைக்கு?

பதில் எழுதாவிட்டால் விமான ரிக்கெற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இது மிரட்டல்தான்.

உதயா


ஸ்காபரோ
29.04.2007

உதயா,

ஓம்.

ஆட்டம் முடிந்து சனம் போன பிறகு நாற்பது பேர் உள்ளே போவோம். முதலில் கையால் பெரிய குப்பை. பிறகு முதுகில் கட்டிய காற்றடிக்கும் இயந்திரத்தால் கச்சான் கோதை மேல்வரிசையிலிருந்து கீழே தள்ளிக்கொண்டு வருவோம். மூன்றாம் பேஸ் பக்கம் என் பகுதி. பதினெட்டாம் வரிசை என்று எழுதியது அதனால்தான். நீங்கள் இருக்கும் இடத்தை நான்தான் பிறகு கூட்டுவேன் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும்.

நிருஜாவிடம் மேற்பார்வையாளர் என்று சொன்னது முதல் வருடம் தொலைபேசியில், வாய்தவறி. பிறகு திருத்த முடியவில்லை.

இனி உமது கேள்வி. நினைவிருக்கிறதா, 2002 மே, எங்கள் வளவில் டுக்னாட். குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்கும் நாள். பனிக்காலத்தில் வழுக்காமல் கொட்டிய கல்லையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணசாமி என்னிடம் வந்து கை கொடுத்தான். ஊரில் என்ன வேலை என்று கேட்டான். சொன்னேன். "அப்ப நீங்க சர்வேயரா சார்? எங்க தாத்தாவும் சர்வேயர்தான் சார்" என்றான். அந்த வளவில் பத்து வருடம் இருந்தேன். ஒருவர் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை. நான் அவனுக்குச் சங்கிலி போட்டு அளக்கும் கணக்கை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது நீர் தும்புத்தடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்: "இவரிட்டை விடுங்கோ, கூட்டுறதிலை இவரை வெல்ல ஆளில்லை. அதுதானே இவற்றை தொழில்." எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணசாமியும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் என்னை சார் என்று சொல்லவில்லை.

தும்புத்தடியைப் பேர்ச் மரத்தில் சாத்திவிட்டு மேலே போனேன். மூன்றாம் கிழமை ரொறன்ரோவில் நின்றேன். வேறு வேலை எடுத்து, ஆளாக நின்று உங்களைக் கூப்பிடுவது என்றுதான் வந்தேன். வந்த இடத்திலும் கையில் அதையே தந்தார்கள். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடும். நான் சொல்லப் போனால் நாக்கு எழாது.

ஜெகதீஸ்வரன்


குரோருட்
13.05.2007

இஞ்சாருங்கோ,

அழுது முடித்துத்தான் எழுதுகிறேன். ஆகவே எழுத்து நேராக இருக்கும்.

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய நாள் அல்ல. என் நாளில் முற்றத்தில் நின்ற முப்பது பேரும் கல்லை அங்குமிங்கும் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் புருசன் ஒருவர்தான் ஒழுங்காகக் கூட்டத் தெரிந்தவர். அவர் கூட்டினால் தரையில் ஒரு கோடு தெரியாது. எனக்குப் பெருமை பொங்கி வழிந்தது. அதைத்தான் வாயால் கொட்டினேன். நீங்கள் மேலே போனபோது முதுகுநோ என்று நினைத்தேன். வாஃபிள் சுட்டுக் கொடுத்தார்கள், உங்களுக்கென்று ஜாம் பூசிக் கொண்டுவந்து தந்தேன். நீங்கள் அதைச் சாப்பிட்டீர்கள்! மனம் நொந்த மனிசன் இரண்டு வாஃபிள் சாப்பிடுவாரா? நான் எப்படி அறிவது?

ஆனாலும் சொன்னது நான். நீங்கள் ஒரு மனிசனாக நின்று கதைத்துக்கொண்டிருந்த இடத்தில் நான் வந்து தும்புத்தடியைத் திணித்தேன். அது பிழை. மன்னியுங்கள். ஐந்து வருடம் பிந்திக் கேட்கிறேன், நீங்கள் ஐந்து வருடம் பிந்திச் சொன்னதால்.

கிருஷ்ணசாமி இப்போதும் "சர்வேயர் சார் எப்ப வர்றாரு?" என்றுதான் என்னைக் கேட்பான். உங்கள் பெயர் அவனுக்குத் தெரியாது.

பிள்ளையிடம் சொன்னேன்.  "அப்ப அப்பா அங்கை ஒரு மட்சும் பாக்கேல்லையோ? ஒண்டு கூட?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. கொம்பியூட்டரில் போய் இருந்தாள். கலியாணத்துக்கு அடுத்த ஞாயிறு, ஒரு மணி ஆட்டம். மூன்றாம் பேஸ் பக்கம், பதினெட்டாம் வரிசை, ஆறு, ஏழு, எட்டு. மூன்று ரிக்கெற். விதிகளை அவள் உங்களுக்குச் சொல்லித் தருவாளாம், நீங்கள் நடுவில் இருக்கவேண்டுமாம்.

அன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் கோதை வேறு யாராவது கூட்டட்டும்.

உதயா


ஸ்காபரோ
06.08.2007

என் உதயா,

உங்களை வழியனுப்ப வந்தபோது விமான நிலையத்தில் நீர் ஒன்றும் கேட்கவில்லை. ஒஸ்லோவுக்குத் திரும்பி வருவீர்களா என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அங்கேயே ஓம் என்றிருப்பேன். நீர் கேட்கமாட்டீர் என்பதும் தெரியும். இந்தமுறை நான்தான் வாய் திறக்கவேண்டும்.

இந்த விளையாட்டுக்கு மணிக்கூடு இல்லை என்று நிருஜா சொன்னாளே, ஒன்பது சுற்றிலும் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் முடிவு வரும்வரை ஆடிக்கொண்டே போகவேண்டும் என்று. பன்னிரண்டாம் சுற்றுவரை போனது. பக்கத்தில் இருந்தவர்கள் எரிச்சலில் எழுந்து போனார்கள். நான் ஒருவரும் ஓடி முடிக்கக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் நிருஜா விதி சொல்லிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் நீர் கச்சான் உடைத்து என் கையில் வைத்துக்கொண்டிருந்தீர். எங்கள் ஆள் அடித்து ஆட்டம் முடிந்து சனமெல்லாம் துள்ளியபோது எனக்கு மட்டும் நெஞ்சு விழுந்துபோனது. நீரும் துள்ளவில்லை. கண்டேன்.

எழுந்தபோது நீர் குனிந்து எங்கள் காலடிக் கோதையெல்லாம் ஒன்றும் விடாமல் பொறுக்கிப் பைக்குள் போட்டீர். "விடும், அதுக்கு ஆள் இருக்கு" என்று நான் சொன்னேன். "எனக்குத் தெரியும் ஆர் எண்டு" என்றீர்.

நேற்று மீண்டும் வேலை. மேலிருந்து கோதைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பதினெட்டாம் வரிசைக்கு வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். ஏழாம் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தேன். இரண்டு பக்கமும் வெறுமை. ஐந்து வருடமாக வெறும் ஸ்ரேடியம்தான் பார்த்தவன், எனக்கு அது பழக்கம். நேற்று இருக்க முடியவில்லை. எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் செப்ரெம்பரோடு வேலையை விட்டு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணரிடமும் சொல்லியாயிற்று.

அங்கே வந்து என்ன வேலை என்று கேட்காதேயும். கூட்டும் வேலைதான் கிடைக்கும். கிடைக்கட்டும். ரீ-பானேயில் இறங்கி அறுநூற்று நாற்பது அடி என்று எழுதியிருந்தீர். பனி இல்லாதபோது, என் நடையில், ஐந்நூற்றிருபது வரும். வந்து எண்ணிச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் அறியவேண்டும். இலையுதிர்கால டுக்னாட் ஒக்ரோபரில் எந்தச் சனிக்கிழமை? அதற்கு முதல் வந்துவிடுவேன். தும்புத்தடியை நீர் என் கையில் தரவேண்டாம். எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், நானே எடுத்துக்கொள்கிறேன்.

ஜெகதீஸ்